உள்ளே நான் வர முடியாது

பீடோர் பாசாருக்குப் பின்னால்
ஹார்ட்வேர் கடையின் மேல்மாடி என் அலுவலகம்.
கீழே சிமெண்டு விற்கிறார்கள்.
அது சண்டையாக இறுகிப் படியேறி வர
மூன்று மாதம் பிடிக்கும், சில சமயம் நான்கு.

நாகேஸ்வரி ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார்,
பள்ளிக் கேண்டீனில் மீ கிளறிய வாசனையோடு.
பிஸ்கட் டின்னை மேசையில் கவிழ்த்தார்.
ஓட்டுக்கு இரண்டு ரசீது,
கணவரின் சேமநிதியை எடுத்த தாள்,
மார்ச் மாதத்துக் காலண்டர் ஏடு.
அதன் முதுகில் பென்சிலில்:
18,000 கிடைத்தது.
அடுக்களை, பாத்ரூம், கூரையோடு.
செழியன்.

இவ்வளவுதான் ஒப்பந்தம்.

"வேற என்ன எழுதி வாங்குறது, நம்ம பையன்தானே?"
நம்ம பையன்.
இந்த ஊரில் என் வருமானத்தில் பாதி
அந்த இரண்டு சொல்லிலிருந்துதான் வருகிறது.

நான்கு தூண் எழும்பியது.
அதோடு சரி. கம்பிகள் மழை குடித்துத் துருவேறின.
செழியன் முதலில் "நாளைக்கு" என்றான்,
பிறகு "மழை" என்றான்,
பிறகு அவன் போன்
மலாயில் பேசும் ஒரு பெண் குரலாகிவிட்டது.

படிவம் ஒன்று. கட்டணம் ஐந்து வெள்ளி.
'இழப்பு' என்ற இடத்தில்
இரண்டு விரல் அகலத்தில் ஒரு கட்டம்.
அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்:
தீபாவளிக்குக் குடை பிடித்தபடி ஆட்டுக்கறி வதக்கியது,
மகளைப் பார்க்க வந்தவர்கள்
தார்ப்பாயைத் தூக்கிக் குனிந்து பின்புறம் போனது,
அதன்பின் அவர்கள் கூப்பிடாதது.
எல்லாவற்றையும் அடித்தேன்.
பதினெட்டாயிரம் மட்டும் கட்டத்துக்குள் அடங்கியது.

"அழுததைச் சொல்லாதீங்கக்கா, தேதியைச் சொல்லுங்க.
அவன் குடும்பத்தைப் பேசாதீங்க, கம்பியைப் பேசுங்க.
உள்ளே நான் வர முடியாது.
அந்த மன்றத்துல வழக்கறிஞருக்கு நாற்காலி இல்ல."
மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு
ஊசியை நீயே குத்திக்கொள் என்ற டாக்டரைப் பார்ப்பதுபோல்
என்னைப் பார்த்தார்.

மூன்று மாலை ஒத்திகை.
நான் மன்றத் தலைவர், மின்விசிறி செழியன்.
அவருடைய மலாய்
செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கிய காலத்தில் கற்றது.
திருத்தலாமா என்று வாயெடுத்தேன்.
விட்டுவிட்டேன்.
பொய் சொல்லும் அளவுக்கு அதில் இலக்கணம் இல்லை.

ஈப்போ. வராந்தா. நாற்பது நிமிடம்.
பதினோரு வருடம் வழக்காடியவள்
ஒரு கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து
செருப்பு வாரை அவிழ்த்து அவிழ்த்து மாட்டினேன்.
ஒரே ஒருமுறை அவர் குரல் கதவைத் தாண்டியது:
"லீமா பெலாஸ் ஒக்டோபர்!"
தேதி. நல்லது.

வெளியே வந்தவர்
கைக்குட்டையைப் பிரித்து, மடித்து,
"பன்னெண்டாயிரம். நாலு தவணை" என்றார்.
நிற்கிற தூணுக்குக் கழித்துக்கொண்டார்களாம்.
அவரும் சரியென்றாராம், அவனும் சரியென்றானாம்.
ஜெயித்தோமா என்று அவர் கேட்கவில்லை.

பஸ் நிறுத்தத்தில் செழியனும் நின்றான்.
வேனை பேங்க் இழுத்துக்கொண்டு போய்விட்டதாம்.
தாப்பாவில் பெரிய கொந்தரேக்டர் ஒருவன்
அவனுக்கு இருபதாயிரம் தரவேண்டுமாம்.
யாரும் கேட்காமலே சொன்னான்.
அவனிடம் காலண்டர் ஏடுகூட இல்லை.

மூவருக்கும் ஒரே பஸ்.
கம்பார் தாண்டியதும்
முன் சீட்டிலிருந்து, தலையைத் திருப்பாமல்,
"அக்கா, வேற ஆளு வேலைக்கு வந்தா சொல்லிடுங்க.
பாத்ரூம் சரிவு தப்பு.
தண்ணி அடுக்களைப் பக்கம் வரும்.
உடைச்சுத்தான் போடணும்."

நாகேஸ்வரி சன்னலைப் பார்த்திருந்தார்.
செம்பனை, செம்பனை,
ஒரு கார் கழுவும் கொட்டகை, செம்பனை.

நான் பையைத் திறந்து பேனாவைத் தேடி
அதையும் எழுதிக்கொண்டேன்,
தேதியோடு.